தனக்கென்று மருந்து கேட்ட தாய்

மகளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை என்று ஒரு தாய் வந்து சொன்னால், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கை உடனே மருந்துத் துண்டை எழுதப் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. இதைப் பற்றி உங்களோடு பேச ஓர் ஆண் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியனாக, வேலை செய்தவன் நான். டொக்டர் இல்லாத அந்த இடங்களில் எல்லா நோய் வருத்தத்துக்கும் என் கதிரைக்கு முன்னால்தான் வந்து இருக்கவேண்டும்.

இந்த விடயத்தை மட்டும் யாரும் வந்து கதிரையில் இருந்ததும் சொல்லமாட்டார்கள். வயிற்றுவலி என்பார்கள், தலைச்சுற்று என்பார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போவார்கள். அங்கே திரும்பி நின்று, "ஐயா, இன்னொண்டு..." என்பார்கள். அந்த இன்னொன்றுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பார்கள். ஆகவே யாராவது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள்.

எண்பத்துநான்காம் ஆண்டளவில் நான் நீர்வேலிப் பக்கம் இருந்தேன். வாழைத் தோட்டம் செய்யும் வீட்டிலிருந்து ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பெரிய பிள்ளையாகி, சாமத்திய வீடு செய்து ஒரு வருடம் ஆகவில்லை. இடையில் மூன்று தரம்தான் வந்ததாம். கர்ப்பப்பையில் ஏதோ பழுது, இனி இவளை யார் கட்டுவான் என்று தாய் அழுதார். அந்த அழுகையை நிறுத்துவதற்காகவே நான் ஹோர்மோன் குளிசை எழுதத் தொடங்கினேன். அன்று கிளினிக் நடத்த வந்திருந்த பெண் வைத்தியர் என் தோளுக்கு மேலாகத் துண்டைப் பார்த்துவிட்டு, தாயை விட்டுப் பிள்ளையிடம் போனார்.

"வந்தால் எத்தினை நாள் இருக்கும், பிள்ளை?"

"நாலஞ்சு நாள்."

"பள்ளிக்கூடம் போவியோ, படுத்துக் கிடப்பியோ?"

"போவன். வலைப்பந்தும் விளையாடுவன்," என்றாள் பிள்ளை. தாய் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்.

வைத்தியர் சிரித்தார். "அம்மா, பெரிய பிள்ளையாகி முதல் ரெண்டு மூண்டு வருசம் உப்பிடித்தான். ஒரு மாசம் வரும், அடுத்த மாசம் வராது. உடம்பு தானே ஒழுங்குக்கு வரும். ஆனால் மூண்டு மாசத்துக்கு மேலை வராமல் நிண்டால் கொண்டு வாங்கோ. ஒரு கிழமை, ஏழு நாளுக்கு மேலை நிக்காமல் போனாலோ, துணி மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் நனைஞ்சாலோ, எழும்பேலாத நோவெண்டாலோ பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. பதினைஞ்சு வயசு தாண்டியும் ஒரு பிள்ளை பெரிய பிள்ளையாகேல்லை எண்டாலும் காட்டவேணும். இப்ப இவவுக்கு மருந்து வேண்டாம்."

அவர்கள் போனபிறகு என் துண்டை என்னிடமே தந்தார். "எப்ப வந்தது எண்டு மட்டும் கேட்டியள். எவ்வளவு போகுது எண்டு கேக்கேல்லை," என்றார்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு, தொண்ணூற்றொன்றில் நடந்ததைப் பற்றி. அப்போது நான் கொடிகாமத்துக்கு அப்பால், தென்மராட்சியில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். முந்தின வருடம் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கியபோது குருநகரிலிருந்து ஓடிவந்த கடற்றொழில் குடும்பங்கள் சில எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. ஒரு வகுப்பறையில் மூன்று நான்கு குடும்பம். பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளை அடுக்கி, சேலையைக் கட்டி, அதற்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு.

ஒருநாள் காலையில், சனம் நிறைந்திருந்த நேரம், அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ரெஜினா என்ற பெண் வந்தார். நாற்பதை நெருங்கிய வயது. விறகுக் கட்டு ஒன்றைத் தலையில் சுமந்து வந்து ஆஸ்பத்திரி வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்து இருந்தார்.

"ஐயா, எனக்கு நிக்காமல் போகுது," என்றார். வாசல்வரை போகாமல், இருந்ததுமே சொன்னார். அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"மூண்டு கிழமை இருக்கும்."

"எவ்வளவு போகுது?"

"விடிய வைச்ச துணி தேத்தண்ணி குடிச்சு முடியமுதல் நனைஞ்சு போகும். கட்டி கட்டியாப் போகுது. எழும்பினால் கண் இருட்டும். நெஞ்சு படபடவெண்டு அடிக்கும், ஐயா. கோயில் திருவிழாவுக்குத் தள்ளிப்போடுற குளிசை எண்டு ஒண்டு இருக்காம். அதிலை கொஞ்சம் தந்தியள் எண்டால் காணும்."

ஒரு புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கமாட்டார்கள். நான் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே நல்ல சிவப்பு. நாடியைப் பிடித்தேன். நிதானமாக, பலமாக ஓடியது. மூன்று கிழமையாக இப்படி இரத்தம் போன ஒருவர் அந்த வெயிலில் விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்க முடியாது. வருத்தம் உண்மை. ஆனால் அந்த வருத்தம் இந்த உடம்பில் இல்லை.

குளிசை அலுமாரியில் இருந்தது. கொடுத்திருந்தால் அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். அடுத்த ஆளைப் பார்த்திருப்பேன். ஆனால் யாருக்குக் கொடுக்கிறேன்? அந்த ஆளுக்கு என்ன வயது? வயிற்றில் பிள்ளை ஏதும் தங்கிக் கலைகிறதா? இரத்தம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ஒன்றும் தெரியாது.

"அம்மா, உங்கடை கண் நல்ல சிவப்பாக் கிடக்கு. நீங்கள் சொல்லுற வருத்தம் உள்ள ஆளை நான் பாக்கவேணும்," என்றேன், குரலைத் தாழ்த்தி.

"எனக்குத்தான் ஐயா."

"ஆராயிருந்தாலும் நான் ஏசமாட்டன்."

அவர் எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, வெளியே போய், விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் எங்கள் மருத்துவமாது பரமேஸ்வரியைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்த குழந்தைகளை நிறுக்கவும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் கிழமைதோறும் போய்வருபவர் அவர்.

"ரெஜினா வீட்டிலை குமர்ப்பிள்ளை இருக்குதோ?"

"ஓம், ஜெசிந்தா எண்டு ஒருத்தி. பதினாலு வயசிருக்கும்." யோசித்தார். "போன கிழமையும் காணேல்லை, அதுக்கு முதல் கிழமையும் காணேல்லை. மாமி வீட்டை போயிட்டாள் எண்டு தாய் சொன்னவ."

வெளியே வாங்குகள் நிறைந்திருந்தன. மருந்து கட்டுபவரிடம் காயத்துக்கு மருந்து போடுவதையும் காய்ச்சல்காரரை இருத்தி வைப்பதையும் ஒப்படைத்துவிட்டு, நானும் பரமேஸ்வரியும் சைக்கிளை எடுத்தோம். "எங்களைப் பாத்திட்டுப் போனால் என்ன?" என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார். அவர் கேட்டது நியாயம்தான். உங்களுக்கும் இப்படி நேரம் வரும். கண்ணுக்கு முன்னால் இருப்பவர்களைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குத்தான் அவசரம் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். முடிவு பிழையாகிப்போனால் எல்லோரிடமும் ஏச்சு வாங்கவேண்டும். அதற்குத் துணிந்துதான் போகவேண்டும்.

வகுப்பறை வாசலில் ரெஜினா குறுக்கே நின்றார். "இஞ்சை ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

பரமேஸ்வரி அவருடைய கையைப் பிடித்தார். "ரெஜினா, நான் மட்டும் உள்ளை வாறன். ஐயா வெளியிலை நிப்பார்."

நான் விளையாட்டு மைதானத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். மைதானத்தின் ஓரத்தில் கோயில் கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் பாவித்தார்கள். அவர்கள் வந்த புதிதில் கோயில் மனேச்சர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: சுகமில்லாத நாட்களில் பெண்கள் கிணற்றடிக்கு வரக்கூடாது. ஐந்து நாளைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று கிழமையாக நிற்காத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வார்? சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம் அயல் குடும்பம். குமர்ப்பிள்ளைக்கு நாட்கணக்காக இரத்தம் போகிறது என்றால் சனம் வயிற்றில் வந்ததைக் கலைத்ததாகத்தான் கதைக்கும். அதனால்தான் அவர் மகளை மாமி வீட்டுக்கு அனுப்பியதாகச் சொல்லிவிட்டு, சேலைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"ஐயா, உள்ளை வாங்கோ." பரமேஸ்வரியின் குரல் மாறியிருந்தது.

ஜெசிந்தா பாயில் கிடந்தாள். மாநிறப் பிள்ளை என்பார்கள். அன்று அவளுடைய உதடு சாம்பல் நிறம். உள்ளங்கையின் ரேகைகூட வெளிறிப் போயிருந்தது. நாடி எண்ண முடியாத வேகம். தலையை உயர்த்தப் போனவளை அப்படியே கிடக்கச் சொன்னேன்.

"கழிவு இரத்தம்தானே ஐயா? போறது நல்லதெண்டு சொல்லுவினம்," என்றார் தாய்.

"அம்மா, இது நல்ல இரத்தம். பிள்ளையின்ரை உயிர் போகுது."

ரெஜினாவை வெளியே அனுப்பி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. அதைத் தாயின் முன்னால் கேட்டால் உண்மை வராது. எந்த வீட்டுப் பிள்ளையானாலும், எவ்வளவு சின்னப் பிள்ளையானாலும், அதைத் தனியாகக் கேட்கத்தான் வேண்டும். கேட்கிற குரலில் குற்றச்சாட்டு இருக்கக்கூடாது. பரமேஸ்வரி அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஆரும் உன்னைத் தொட்டவையோ, பிள்ளை? உன்ரை விருப்பத்தோடையோ, விருப்பமில்லாமலோ? நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம். மருந்து குடுக்கிறதுக்குத் தெரியவேணும்."

"இல்லை அக்கா. ஒருத்தரும் இல்லை." அழ முயன்றாள், அழுவதற்கும் பலம் இருக்கவில்லை. "குருநகரிலை பெரிய பிள்ளையானனான். அந்த நாள் தொடக்கம் இப்பிடித்தான். ரெண்டு மாசம் வராது. வந்தால் நிக்காது. வயித்துக்குத்துக்கு அம்மா கடையிலை அஸ்பிரின் வாங்கித் தாறவ."

இரண்டு மாதம் வராமல் விட்டதை மட்டும் யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால், நீர்வேலிப் பிள்ளையைப் போல இவளையும் பயப்படவேண்டாம் என்று அனுப்பியிருப்பேன்.

பரமேஸ்வரி ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் சேலைன் கொண்டுவந்தார். ஊசியை ஏற்றினேன். ஆனால் அவளுக்கு வேண்டியது இரத்தம். அது யாழ்ப்பாணத்தில், பெரியாஸ்பத்திரியில் இருந்தது. பெற்றோல் இல்லாத காலம். ஊரில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே ஒரு பழைய கார். கொடிகாமம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற கார். கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்தால் பிறகு மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும். அதன் சொந்தக்காரர் அந்தக் கோயில் மனேச்சர்தான்.

ரெஜினா என் காலடியில் விழுந்துவிட்டார். "அவருக்குச் சொல்லாதேங்கோ ஐயா. எங்களைப் பள்ளிக்கூடத்தாலையும் எழுப்பிப் போடுவினம்."

வாந்திபேதி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வழியில் உண்மை தெரிந்து அவர் காரைத் திருப்பினால் பிள்ளை நடுறோட்டில் செத்துப்போகும். நேராகச் சொல்வது என்று முடிவெடுத்தேன். சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்.

மனேச்சர் வீட்டு முற்றத்தில் சாக்குகளை உதறிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பள்ளிக்கூடத்திலை ஒரு குமர்ப்பிள்ளைக்கு மூண்டு கிழமையா இரத்தம் போகுது. இப்ப பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டில் தப்பாது. உங்கடை கார் வேணும்."

அவர் விளங்கிக்கொண்டார். கையிலிருந்த சாக்கு அப்படியே நின்றது.

"மூண்டு கிழமையோ? ஏன் ஒருத்தரும் என்னட்டைச் சொல்லேல்லை?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோயில் கிணற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு காரிலிருந்த வெங்காயக் கூடைகளைத் தானே இறக்கி முற்றத்தில் கொட்டினார்.

பின்சீற்றில் ஜெசிந்தாவின் தலை தாயின் மடியில். பரமேஸ்வரி சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். சாவகச்சேரிச் சந்தியில் மனேச்சர் காரை மெதுவாக்கி, "ஐயா, இஞ்சை ஆஸ்பத்திரிக்கு விடட்டோ?" என்றார். நான் திரும்பி நாடியைப் பிடித்தேன். சேலைன் ஏறியதில் கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது. இங்கே இறக்கினால் பார்ப்பார்கள்; ஆனால் இரத்தத்துக்காக மறுபடி ஏற்ற வேண்டிவரும். மறுபடி ஏற்ற இன்னொரு கார் கிடையாது. "நேரை விடுங்கோ," என்றேன். வழியில் ஏதும் நடந்திருந்தால், அந்த இரண்டு சொல்லோடு நான் மிச்சக் காலத்தைக் கழித்திருக்கவேண்டும்.

கைதடிக்குக் கிட்டவாக ஆமி ஹெலிகொப்டர் ஒன்றின் சத்தம் கேட்டது. றோட்டில் சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஆட்கள் பனை வடலிக்குள் ஓடினார்கள். மனேச்சர் ஒரு புளியமரத்தின் கீழ் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இறங்குங்கோ," என்றேன்.

"பிள்ளையை இறக்கேலுமோ?"

"ஏலாது."

"அப்ப இருப்பம்," என்றார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். ரெஜினா செபம் சொன்னார். மனேச்சர் வாய்க்குள் முருகா என்றார். சத்தம் கடற்கரைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

பெரியாஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றத் தொடங்கிய பிறகு, பெண் வைத்தியர் ஒருவர் ரெஜினாவை ஒரு கதிரையில் இருத்தினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"பிள்ளைக்கு மூக்காலை இரத்தம் வாறதோ?"

"சின்னனிலை இருந்து வரும், டொக்டர். வெக்கைக்கெண்டு விட்டிட்டம்."

"பல்லுக் கில்லுப் பிடுங்கினதோ?"

"ஒருதரம். ரெண்டு நாள் இரத்தம் நிக்கேல்லை."

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். "உங்களுக்கு எப்பிடி?"

ரெஜினா நிலத்தைப் பார்த்தார். "எனக்கும் குமரிலை இப்பிடித்தான். எழும்பக் கண் இருட்டும். நாலு பிள்ளை பெத்தாப் பிறகு குறைஞ்சு போச்சு. அம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்ததாம். எங்கடை பொம்பிளையளுக்கு இரத்தம் கூட எண்டு சொல்லுவினம். அதுதான் நான் பெரிசா எடுக்கேல்லை. என்ரை தங்கச்சி முதல் பிள்ளை பெத்த அண்டைக்கு இரத்தம் நிக்காமல்..." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காலையில் அவர் என் முன்னால் இருந்து "எனக்குத்தான்" என்று சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பாதிதான் பொய். அவ்வளவு தெளிவாகச் சொன்னது தன்னுடைய குமர்க் காலத்தை.

இரத்தம் உறைவதில் பரம்பரையாக வருகிற ஒரு குறை இது என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். உறுதிப்படுத்தும் சோதனையைக் கொழும்பில்தான் செய்யலாம். பாதை பூட்டிய காலத்தில் அது நடக்காது. "சோதனைக்குக் காத்திருக்கேலாது. இருக்கெண்டே வைச்சுப் பாப்பம்," என்றார். இரத்தத்தோடு ஹோர்மோன் குளிசையும் இரும்புச்சத்தும் கொடுத்தார். நான் காலையில் கொடுக்க மறுத்த அதே வகைக் குளிசைதான். இங்கே அது ஆளைப் பார்த்து, காரணத்தை அறிந்து, அளவு சொல்லிக் கொடுக்கப்பட்டது. இரத்தத்தை உறைய விடாத அஸ்பிரினை இனி அந்த வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று தாயைச் சத்தியம் செய்ய வைத்தார். இறால் பிடிக்கக் களப்புக் கடலுக்குப் போயிருந்த தகப்பன், செய்தி கேட்டு மறுநாள் சைக்கிளில் வந்து, மூச்சு வாங்க நின்று, இரத்தம் கொடுக்கக் கையை நீட்டினார்.

இரண்டு கிழமை கழித்து ஜெசிந்தா திரும்பி வந்தாள். மாதாமாதம் இரும்புக் குளிசை வாங்க ஆஸ்பத்திரிக்கு வருவாள். ஒருநாள் அவள் தனியாக வந்தபோது, "ஏன் பிள்ளை, அவ்வளவு ஏலாமல் கிடந்தும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்பிடித்தான் போறதெண்டு நினைச்சன், ஐயா. மற்றப் பிள்ளையள் தாங்கினம், எனக்குத்தான் தாங்கேலாமல் கிடக்கு எண்டு நினைச்சன்," என்றாள்.

பிள்ளைகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு பிள்ளைக்குத் தன்னுடைய உடம்பைத் தவிர வேறு உடம்பு தெரியாது. "ஒழுங்கா வருதோ?" என்று கேட்டால் "ஓம்" என்பாள். "வழமை போலத்தான்" என்பாள். அவளுடைய வழமை என்ன என்று நீங்கள்தான் கேட்கவேண்டும். எத்தனை நாள், எத்தனை துணி, பள்ளிக்கூடம் போக முடிகிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். தாய்க்கும் அப்படித்தானா என்று கேளுங்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் உள்ளது என்பதற்காக ஒன்று சுகமாகிவிடாது.

மனேச்சர் இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கதைக்கவில்லை. அடுத்த மாதம் கிணற்றடியில், மைதானத்தின் பக்கமாக, தென்னோலைக் கிடுகால் அடைத்த ஒரு மறைப்பு எழும்பியது. உள்ளே ஒரு தொட்டியும் கட்டியிருந்தார். யார் எந்த நாளில் அங்கே போகலாம் என்று அதன்பிறகு எவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை ரெஜினா மறுபடி வந்தார். கூட ஜெசிந்தா இல்லை. பத்து, பதினொரு வயதில் இன்னொரு பெண்பிள்ளை. முழங்காலில் புழுதி, கையில் பாதி கடித்த மாங்காய். விளையாட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"என்ன வருத்தம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை ஐயா. இவள் என்ரை கடைசி, பிலோமி. இன்னும் பெரிய பிள்ளையாகேல்லை," என்றார். பிள்ளையை எனக்கு முன்னால் வாங்கில் இருத்தினார். "அதுக்கு முதலே கொண்டந்தனான்."